கூர் பஞ்ச் போட்டால் கூர் வளைவு வராது

தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் மெஷினில் மேலிருந்து அழுத்தும் கருவிதான் பஞ்ச். முனை நசுங்கி, நடுவில் சில்லு தெறித்த பஞ்ச் ஒன்று மறுபடியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. கதையும் அதேதான். 3 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு, டிராயிங்கில் உள் ரேடியஸ் (வளைவின் உட்புற ஆரம்) 1 மி.மீ. அதற்காகக் கூரான பஞ்சை மாட்டினார்கள். ரேடியஸ் வரவில்லை. டன்னேஜை, அதாவது அழுத்தும் விசையை, ஏற்றினார்கள். தெறித்த சில்லு ஆபரேட்டரின் கண்ணில் படாதது தற்செயல்தான்.

எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஏர் பெண்டிங்கில் (தகட்டை டையின் அடிவரை அழுத்தாமல் வளைக்கும் முறையில்) உள் ரேடியஸைத் தீர்மானிப்பது பஞ்சின் முனை அல்ல, டன்னேஜும் அல்ல. கீழே இருக்கும் வி-டையின் (V வடிவப் பள்ளமுள்ள அச்சின்) வாய் அகலம்தான். தகடு டையின் இரு தோள்களிலும் (வாயின் மேல் விளிம்புகளிலும்) பஞ்ச் முனையிலும் மட்டுமே தொடுகிறது. மற்ற இடமெல்லாம் அந்தரத்தில்தான் வளைகிறது. தோள்கள் விலகினால் வளைவு அகலும், நெருங்கினால் இறுகும். மைல்டு ஸ்டீலில் வாய் அகலத்தில் சுமார் 16 சதவீதம் உள் ரேடியஸாக வரும். 24 மி.மீ. வாய்க்கு 3.8 மி.மீ. பஞ்ச் முனை 1 என்றாலும் 2 என்றாலும் 3 என்றாலும் அதே 3.8தான். முனை அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே தகடு பஞ்சின் வடிவத்தை எடுக்கும். ஸ்டெயின்லெஸில் இந்தச் சதவீதம் 20-ஐத் தாண்டும். அதே டையில் இன்னும் அகலமான வளைவுதான் கிடைக்கும்.

அப்படியானால் கூர் முனை என்ன செய்கிறது? தகட்டைக் குடைகிறது. முனை ரேடியஸ் தடிமனில் ஏறக்குறைய 63 சதவீதத்துக்குக் கீழே போனால் வளைவின் உள்ளே ஒரு பள்ளம் விழும். 3 மி.மீ. தகட்டுக்கு அந்த எல்லை சுமார் 1.9 மி.மீ. அந்தப் பள்ளத்தைப் பார்த்து "ரேடியஸ் வந்துவிட்டது" என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ரேடியஸ் அல்ல, காயம். அந்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும், வெளிப்புறம் பிளக்கத் தயாராக இருக்கும், பீஸுக்குப் பீஸ் கோணம் மாறும்.

பஞ்சை இன்னும் இறக்கினால் கோணம்தான் மூடும். தகடு டையின் சுவரோடு மோதிய பிறகும், பஞ்ச் முனை தகட்டுக்குள் பதியும் அளவுக்கு அழுத்தினால் அது காயினிங். ஏர் பெண்டிங்கைப் போல 5 முதல் 10 மடங்கு விசை கேட்கும். உங்கள் டூலிங் அதற்குச் செய்யப்பட்டதா என்று பார்த்தீர்களா?

விசைக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. தடிமனின் வர்க்கத்தோடு ஏறும், வாய் அகலத்துக்கு எதிராக இறங்கும். 3 மி.மீ. மைல்டு ஸ்டீலுக்கு 24 வாயில் வளைவு நீளம் மீட்டருக்குச் சுமார் 24 டன். 16 வாயில் சுமார் 36 டன். ஸ்டெயின்லெஸுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். 16 வாயில் ரேடியஸ் 2.6-க்கு இறங்கும், அவ்வளவுதான் கிடைக்கும். வாய் தடிமனைப் போல 8 மடங்கு என்ற பழைய விதியை விட்டு விலகுவதற்கு இதுதான் விலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மெஷின் 100 டன் என்பதால் 150 மி.மீ. பீஸுக்கும் 100 டன் கொடுக்கலாம் என்று பொருளில்லை. டூலிங்கின் தாங்குதிறன் மீட்டர் கணக்கில். மீட்டருக்கு 100 டன் தாங்கும் பஞ்ச், 150 மி.மீ. நீளத்தில் தாங்குவது 15 டன் மட்டுமே.

டிசைன் செய்கிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். சாஃப்ட்வேரில் முன்பே பதிந்திருக்கும் 1 மி.மீ. ரேடியஸை அப்படியே விட்டு ஃபிளாட் பேட்டர்ன் (வளைக்கும் முன் வெட்ட வேண்டிய தகட்டின் அளவு) எடுக்காதீர்கள். உண்மையில் 3.8 வந்தால், கே-ஃபேக்டரை (வளையும்போது நீளம் மாறாத கோடு தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதத்தை) இரண்டுக்கும் 0.42 என்று வைத்தாலும், ஒரு 90 டிகிரி வளைவுக்கு 1.2 மி.மீ. தவறும். நான்கு வளைவுள்ள பெட்டியில் கிட்டத்தட்ட 5 மி.மீ. அப்புறம் ஆபரேட்டரைத் திட்டுவதில் என்ன பயன்?

பெண்டிங் ஷாப்பிடம் முதலில் டை வாயைக் கேளுங்கள், பிறகு டிராயிங்கில் ரேடியஸ் போடுங்கள். ஃபிளாஞ்ச் (வளைந்து நிற்கும் மடிப்பு) உயரம் வாயில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தகடு டைக்குள் நழுவும். வளைவுக் கோடு ரோலிங் திசைக்கு (ஆலையில் தகடு உருட்டப்பட்ட திசைக்கு) குறுக்கே போகட்டும். பர் (வெட்டும்போது விளிம்பில் எழும் பிசிறு) உள்ள பக்கம் உட்புறமாகட்டும். அலுமினியம் என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், எந்தக் கலவை என்றும் எழுதுங்கள்: 5052 வளையும், 6061-டி6 அதே ரேடியஸில் பிளக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மெஷின் முன் நிற்காதீர்கள். விரிசல் கண்ட பஞ்சைத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள், அன்றே கழித்துவிடுங்கள்.