மரை சேர்ந்தால் மட்டும் வீல் போல்ட் ஆகிவிடாது

மறுபடியும் ஒரு வெல்டு வைத்த வீல் போல்ட். காடு மேடெல்லாம் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பின் சக்கரத்தில் ஒரு போல்ட் உடைந்ததும், கையில் கிடைத்த வேறொன்றை யாரோ போட்டிருக்கிறார்கள். நட்டை இறுக்கும்போது போல்ட்டும் கூடவே சுற்றியிருக்கிறது. உடனே ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பின்பக்கம் போல்ட் தலையைச் சுற்றி நாலு சொட்டு வெல்டு! நான் கழற்றும்போது அந்தத் தலை கையோடு வந்தது. பக்கத்துப் போல்ட்டுகள் இரண்டும் மரை இழுபட்டு, நடுவில் மெலிந்திருந்தன. இந்தச் சக்கரத்தை நம்பி ஒரு குடும்பம் மலை இறங்கி வந்திருக்கிறது.

கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மரை சரியா சேர்ந்துச்சே!"

மரை சேர்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜிம்னி, பழைய நிசான் பேட்ரோல் போன்றவற்றில் 12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1.25 மி.மீ. பல டொயோட்டாக்களில் அதே 12, ஆனால் இடைவெளி 1.5. இவை மாறினால் நட் இரண்டு சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும், தப்பித்தோம். பழைய ஜீப் வகைகளின் அரை இன்ச் நட்தான் ஆபத்து. அதன் இடைவெளி 1.27. 1.25 போல்ட்டில் வழுக்கிக்கொண்டு ஏறும், கைக்கு நன்றாகப் பொருந்தியது போலவே இருக்கும். ஆனால் விட்டம் 0.7 மி.மீ. கூடுதல் என்பதால் மரையின் நுனி மட்டும்தான் கவ்வும். ஸ்பேனரை வைத்து முழுதாக இறுக்கினால் உரிந்துவிடும்.

சரி, மரை உண்மையிலேயே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தலைக்குக் கீழே நீளவாக்கில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்குமே, நர்லிங், அதுதான் ஹப் துளையைக் கடித்துக்கொண்டு போல்ட் சுற்றாமல் பிடிக்கிறது. ஒரே மரை உள்ள இரண்டு போல்ட்டுகளில் இதன் விட்டம் வேறுபடும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் சுற்றும். அதனால் பழைய போல்ட்டை மட்டும் அளக்காதீர்கள், அதன் பல் நசுங்கியிருக்கும். ஹப் துளையையும் காலிபர் வைத்து அளந்து பாருங்கள். துளையே தேய்ந்து அகன்றிருந்தால் பெரிய நர்லிங் உள்ள போல்ட் அந்த ஹப்புக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஹப்பை மாற்றுவதுதான் வழி.

வெல்டு வைக்கவே வேண்டாம். இந்தப் போல்ட்டுகள் சூடேற்றிப் பதப்படுத்தியவை, பெரும்பாலும் 10.9 என்ற உயர் வலிமைத் தரம். வெல்டு சூட்டில் அந்தப் பதம் போய்விடும், ஓரத்தில் விரிசல் விடும். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் லேத் கடைந்து போடுவதும் வேண்டாம். சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் இதில் பாதி இறுக்கத்திலேயே நீண்டுவிடும்.

வாங்கப் போகும்போது வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். இந்த வகை வண்டிகளில் ஆக்சில் மாற்றியிருப்பது சகஜம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறு என்றும் இருக்கலாம். ஆக்சில் எந்த வண்டியுடையதோ அதன் பாக நம்பர்தான் வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப் என்றால் இன்னொன்று: இடப்பக்கச் சக்கரங்களில் இடமரை, அதாவது எதிர்த்திசையில் சுற்றும் மரை. அது தெரியாமல் வழக்கமான திசையில் கழற்றப் போய் முறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

அலாய் வீலோ, சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசரோ போட்டிருந்தால் நீளத்தையும் பாருங்கள். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது நட் மரைக்குள் ஏற வேண்டும். நட்டின் உட்காரும் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது ரிம்மோடு பொருந்த வேண்டும்.

ஒன்று உடைந்தால் அதன் சுமையைச் சுமந்த பக்கத்துப் போல்ட்டுகளையும் மாற்றுங்கள், முடிந்தால் அந்தச் சக்கரத்தில் எல்லாவற்றையும். பிரஸ்ஸில் வைத்து ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் பேரிங் போகும், இம்பாக்ட் கன்னால் இழுத்தால் போல்ட்டே நீளும். மரையில் எண்ணெய் விடாமல், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை பாருங்கள், தயவுசெய்து. அப்புறம், வாங்கும்போதே கூடுதலாக இரண்டு போல்ட்டும் நட்டும் வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். காட்டுக்குள் நிற்கும்போது கிடைத்ததைப் போடும் நிலைமை வராது.