மசோதா: சொல்லும் பொருளும்

"மசோதா அமலுக்கு வந்தது" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். மசோதா ஒருநாளும் அமலுக்கு வராது. அமலுக்கு வருவது சட்டம். அதற்கு முந்தைய நிலைதான் மசோதா, அந்தச் சொல்லின் பிறப்பே அதைத்தான் சொல்கிறது.

மூலம் அரபி. அங்கே 'முசவ்வதா' என்றால் கருமையாக்கப்பட்டது என்று பொருள். மை பட்டு, அடித்தல் திருத்தலோடு கிடக்கும் முதல் படியை அப்படி அழைத்தார்கள். அதையே திருத்தி, சுத்தமாகப் படியெடுத்து எழுதினால் 'முபய்யதா', அதாவது வெண்மையாக்கப்பட்டது. பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்கு, அதாவது அந்தக் கால அரசு அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வந்த வக்கீல், ரசீது, ஜப்தி கூட்டத்தோடு இதுவும் வந்து தமிழில் மசோதா ஆனது. பக்கத்திலேயே நிற்கும் 'தாக்கல்' என்ற சொல்லும் உள்ளே நுழைவதைக் குறிக்கும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். இந்தியிலோ 'மசௌதா' இன்றைக்கும் வெறும் வரைவுதான். அவையில் வைக்கப்படுவதற்கு 'விதேயக்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

மக்களவையில் தாக்கலாகும் ஒரு மசோதாவின் அச்சுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் 5, 10, 15 என்று வரி எண்கள் இருக்கும். "இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரியில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்" என்று உறுப்பினர் திருத்தம் கொடுப்பதற்காகத்தான் அந்த எண்கள். எனக்கு இது மிகவும் பிடித்த விவரம். அடித்துத் திருத்தலாம் என்ற அழைப்பு அந்தத் தாளிலேயே இருக்கிறது. சட்டமாகி அரசிதழில் வரும்போது அந்த எண்கள் இருக்காது.

நாடாளுமன்றத்தின் சட்டமியற்றும் அதிகாரம் செயல்படுவது மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான். சாதாரண மசோதாவை எந்த அவையிலும் கொண்டுவரலாம், இரண்டு அவைகளும் ஏற்க வேண்டும். வரி, அரசின் கடன், செலவு போன்றவற்றை மட்டுமே பேசும் பண மசோதா மக்களவையில்தான் தொடங்க வேண்டும். மாநிலங்களவை 14 நாளில் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது. எது பண மசோதா என்பதில் சபாநாயகர் சொல்வதே முடிவு என்கிறது அரசியலமைப்பின் 110ஆவது பிரிவு. பண விஷயங்களோடு வேறு விஷயங்களும் கலந்திருக்கும் நிதி மசோதா என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எழுதுவது தவறு.

அவைகள் நிறைவேற்றினாலும் மசோதா மசோதாதான், 111ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரும்வரை. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு வழிசெய்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் திருத்த மசோதாவை இரண்டு அவைகளும் நிறைவேற்றின. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அவருக்கு அடுத்துக் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதைத் திருப்பி அனுப்பினார். கடைசிவரை அது சட்டமாகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 'சட்டமுன்வடிவு' என்கிறது. இலங்கையில் 'சட்டமூலம்'. மூலம் என்றதும் மூலநூல், ஆதாரம் என்ற எண்ணம் முன்னே வந்து நிற்கிறது. இது முடிந்த வடிவமல்ல என்பது அதில் தெரிவதில்லை. சட்டமுன்வடிவில் அந்த 'முன்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. என் தேர்வு அதுதான். இன்னொரு வசதியும் உண்டு. அமைச்சகம் மக்கள் கருத்துக்காக வெளியிடுவதை 'வரைவு மசோதா' என்கிறோம். சொற்பொருள் பார்த்தால் அது வரைவின் வரைவு! அதை 'வரைவு' என்றும், அவைக்கு வந்தபின் 'முன்வடிவு' என்றும் சொன்னால் குழப்பமில்லை. பேச்சில் மசோதா இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சட்டத்தை மசோதா என்று எழுத வேண்டாம்.

அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவதைத் தனிநபர் மசோதா என்கிறோம். அப்படி ஒன்று இரண்டு அவைகளையும் கடந்து சட்டமானது கடைசியாக 1970இல். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் வந்த சட்டம் அரசு தனியாகக் கொண்டுவந்த வேறொரு முன்வடிவிலிருந்து பிறந்தது. சிவாவினுடையது முன்வடிவாகவே நின்றுவிட்டது.