புத்தகம் வாங்கும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் என் மேசை முன்னால் வந்து நின்றான். ஏழாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் ஆகியும் முதல் பாகத்தில் நாற்பது பக்கம் தாண்டவில்லை. வீட்டில் தினமும் "எது வரைக்கும் படிச்ச?" என்று விசாரணை. "மிஸ், எனக்குக் கதைப் புத்தகம் படிக்கவே வராது போல" என்றான்.

நூலகத்தின் சிறுவர் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். இதே பேச்சை இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் சொல்லிக் கேட்டுவிட்டேன்! மனசு பொறுக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெரியவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அவன் வயசுல நான் ராத்திரி பகலா படிச்சேன் மேடம், இவனுக்கு என்ன?" உங்களுக்குப் பிடித்தது என்பதாலேயே அவனுக்கும் பிடித்தாக வேண்டுமா? கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். அன்றைய வாசகர்களுக்கு வாரம் ஒரு பகுதிதான் கிடைத்தது. அடுத்த இதழ் வரும்வரை வீட்டில், திண்ணையில், அலுவலகத்தில் அதே பேச்சு. உங்கள் தலைமுறைக்கு அது பைண்டு செய்த புத்தகமாக வந்திருக்கும். அப்போதும் வந்தியத்தேவன் யார், குந்தவை யார் என்று அம்மாவோ பெரியம்மாவோ முன்பே சொல்லியிருப்பார்கள். கோடை விடுமுறை நீளமாக இருந்தது, கையில் போன் இல்லை. இது எதுவுமே இல்லாமல், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் உள்ள புத்தகக் கட்டை மொத்தமாக அவன் மடியில் வைத்துவிட்டு, தினமும் கணக்குக் கேட்கிறீர்கள். தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் வாசிக்கிற பையன் அவன். எனக்கும் அந்த நாவல் உயிர். கொடுத்த வேளையும் கொடுத்த விதமும்தான் தப்பு.

எங்கள் தொழிலுக்கு ஆசான், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். நூலக அறிவியல் படித்த எல்லோரும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரிகள் இவை. பிள்ளைகள் எதிரே வந்து நிற்கும்போதுதான் இவற்றின் கனம் தெரிகிறது.

அந்தப் பையனிடம் கடைசியாக எந்தக் கதை பிடித்தது என்று கேட்டேன். சினிமாவோ கேமோ எதுவானாலும் சரி என்றேன். மண்ணைத் தோண்டிப் பொருள் தேடுகிற ஒரு வீடியோ கேமைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். பள்ளிச் சுற்றுலாவில் கீழடி அருங்காட்சியகம் போனதையும் சொன்னான். சரி, வழி கிடைத்துவிட்டது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யை எடுத்துக் கொடுத்தேன். கீழடியை வைத்து எழுதிய சிறுவர் நாவல், 2023-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வியாழக்கிழமையே திருப்பிக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேற இருக்கா மிஸ்?" என்றான். ஒல்லியான புத்தகமாக இருக்கிறதே என்று அவன் அம்மாவுக்குக் குறை. ஒல்லியாக இருக்கட்டும் அம்மா, முடித்திருக்கிறான் பாருங்கள்.

ஆங்கிலத்தில் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 2005-ல் வந்த பெர்சி ஜாக்சன் முதல் நாவலை ரிக் ரியார்டன் எப்படி எழுதினார் தெரியுமா? வாசிப்பதற்கே சிரமப்பட்ட தன் மகனுக்கு இரவில் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். அவை தீர்ந்துபோனதும் புதிதாக ஒன்றைக் கட்டிச் சொன்னார். மகனுக்கு இருந்த டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமத்தைக் கதாநாயகனுக்கும் கொடுத்தார். அதைப் படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்து நான் எடுத்து வைப்பது ரோஷனி சோக்ஷியின் ஆரு ஷா வரிசை. 2018-ல் தொடங்கியது, பாண்டவர்கள் மறுபிறவியில் பெண் பிள்ளைகளாக வருகிறார்கள். மகாபாரதம் தெரிந்த வீடு என்றால் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'தி ஹங்கர் கேம்ஸ்' நாயகி வில் பிடிக்கிற வீரப்பெண் என்பதற்காக ஒன்பது வயது மகளுக்கு அதை வாங்கிக் கொடுத்த அப்பாவைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைக்கிற கதை அது. நல்ல நாவல்தான், பதின்ம வயதில் படிக்கட்டும். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். குறைந்தது முதல் மூன்று அத்தியாயங்களை நீங்கள் வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

அதற்காகக் கனமான விஷயம் என்றாலே பிடுங்கி வைக்கவும் வேண்டாம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் அதே பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும் விதத்தில் பேசுகிறது. விஷயம் தெரிந்ததும் பதறிப்போய்த் திருப்பித் தந்தவர்கள் உண்டு. கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள், அப்புறம் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

கடைக்குப் போனால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிடிக்காததைப் பாதியில் வைக்க விடுங்கள். எத்தனை பக்கம் என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். கதை சுருக்கம் எழுதி வா என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அந்த ஐந்து பாகங்களை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கூடத்து அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அவருக்கு நேரம் இருந்தால், வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரு ராத்திரி அவனுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும்.