எவர்சில்வர் தட்டில் இல்லாத நஞ்சு, வெல்டிங் புகையில் எப்படி வருகிறது?

நாம் தினமும் சோறு உண்ணும் எவர்சில்வர் தட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குரோமியம் இருக்கிறது. அதனால் நமக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் அதே எவர்சில்வரை வெல்டிங் செய்பவரின் முகத்துக்கு நேரே எழும் புகையில் இருக்கும் குரோமியம், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

இந்த வேறுபாடு எலக்ட்ரான் கணக்கில் இருக்கிறது. உலோகமாக இருக்கும் குரோமிய அணு எலக்ட்ரான் எதையும் இழக்கவில்லை. தோல் பதனிடப் பயன்படும் குரோம் உப்பில் அது மூன்றை இழந்திருக்கிறது. அதை மூன்றாம் நிலை என்போம். ஆறை இழந்ததுதான் ஆறாம் நிலைக் குரோமியம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. வெல்டிங் புகையையும் 2017இல் அதே பிரிவில் சேர்த்தது.

வெல்டிங் சுடரின் கடும் வெப்பத்தில் உலோகம் உருகுவதோடு நிற்பதில்லை, கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது குரோமியத்தின் ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு ஏறிவிடுகிறது. வெல்டிங் ராடின் மேற்பூச்சில் இருக்கும் பொட்டாசியமும் சோடியமும் அதைக் குரோமேட்டாக, அதாவது ஆறாம் நிலைக் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பாக, நிலைபெறச் செய்கின்றன. அதனால்தான் மேற்பூச்சு ராடு இல்லாமல் டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங்கைவிட ராடு வெல்டிங்கில் இந்த நஞ்சு அதிகம்.

குரோம் பிளேட்டிங் பட்டறையில் கதை வேறு. முலாம் தொட்டியில் இருப்பதே ஆறாம் நிலைக் குரோமியம்தான், லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம். செலுத்தும் மின்சாரத்தில் 10 முதல் 20 விழுக்காடுதான் முலாம் பூசப் பயன்படுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன், ஆக்சிஜன் குமிழிகளைக் கிளப்புகிறது. ஒவ்வொரு குமிழியும் மேற்பரப்பில் வெடிக்கும்போது நுண்ணிய அமிலத் துளிகளைத் தெறிக்கவிடுகிறது. தொட்டியின் மேல் மிதக்கும் அந்த மஞ்சள் பனியைத்தான் தொழிலாளி சுவாசிக்கிறார்.

உள்ளே போனதும் நடப்பதை நான் முதலில் படித்தபோது திகைத்துப்போனேன். நம் செல்களுக்குக் கந்தகம் தேவை. அதை சல்பேட்டாக உள்ளே எடுத்துக்கொள்ள செல்லின் சவ்வில் தனி வாசல்கள் உண்டு. குரோமேட்டின் உருவமும் மின்சுமையும் சல்பேட்டை அப்படியே ஒத்திருக்கின்றன. வாசல் ஏமாந்து அதை உள்ளே விடுகிறது. மூன்றாம் நிலைக் குரோமியத்துக்கு இந்தச் சாயல் இல்லாததால், அது பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

செல்லுக்குள் வைட்டமின் சி, குளூட்டாத்தியோன் போன்றவை ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து மூன்றாம் நிலைக்கு இறக்குகின்றன. இதே வேலை செல்லுக்கு வெளியே, நுரையீரலின் ஈரப்படலத்தில் நடந்தால் அது நமக்குக் காவல். உள்ளே நடந்தால் ஆபத்து. உள்ளே இறங்கிய குரோமியம் வந்த வழியே வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டு டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரிவதற்காக டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அந்த இடத்தில் இடறுகிறது. பிழைதிருத்தும் நொதிகள் வந்து சரிசெய்யப் பார்த்து, இழையையே வெட்டிவிடுகின்றன. பெரும்பாலான செல்கள் இதில் மடிகின்றன. பிழைதிருத்தும் திறனையே இழந்த செல்கள் தப்பிப் பெருகுகின்றன, பிழைகளும் அவற்றோடு பெருகுகின்றன. ஜப்பானில் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்தபோது, பிழைதிருத்தம் செயலிழந்ததற்கான தடயங்கள் மிகுதியாகக் கிடைத்தன.

மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடங்களில்தான் துகள்கள் அதிகம் படிகின்றன. எளிதில் கரையாத துத்தநாகக் குரோமேட் போன்றவை அங்கேயே தங்கி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. ஈரப்படலத்தின் காவல் அந்த இடங்களில் தோற்றுப்போகிறது.

இந்த ஆபத்து புதிதாகத் தெரியவந்ததும் அல்ல. 1890லேயே கிளாஸ்கோவில் குரோம் நிறமித் தொழிலாளி ஒருவரின் மூக்கில் வளர்ந்த புற்றுக்கட்டி மருத்துவ இதழில் பதிவானது. பின்னாளில் அமெரிக்காவின் பால்டிமோரில், 1950 முதல் 1974 வரை குரோமேட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த 2,357 ஆண்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 1992 வரை அவர்களில் 122 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைப்போல் இது 1.8 மடங்கு. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், ஆறாம் நிலைக் குரோமியத்தை அதிகம் சுவாசித்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது தெளிவாகத் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தும், வேலையிடக் காற்றில் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கலாம் என்ற தன் வரம்பை அமெரிக்கா கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5க்குக் குறைத்தது 2006இல்தான். அந்த 5 மைக்ரோகிராமையே 45 ஆண்டுகள் சுவாசித்தாலும், ஆயிரம் தொழிலாளர்களில் 10 முதல் 45 பேர் கூடுதலாக நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகலாம் என்பது அந்நாட்டு அரசின் சொந்த மதிப்பீடு. இதைப் பாதுகாப்பான வரம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முகத்தில் கட்டும் துண்டு இதற்குப் பயன்படாது. வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை, துணியின் கண்கள் அவற்றுக்கு அகலத் திறந்த கதவுகள். புகை முகத்தை எட்டும் முன்பே சுடருக்கு அருகில் வைத்த குழாயால் அதை உறிஞ்சி எடுப்பதே சரியான வழி. கூரையில் சுழலும் மின்விசிறி புகையைப் பக்கத்தில் நிற்பவருக்கும் பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவுதான். முலாம் தொட்டியின் விளிம்பில் உறிஞ்சும் வாயும், துளிகள் தெறிக்காமல் தடுக்க மிதக்கும் பிளாஸ்டிக் பந்துகளும் வேண்டும்.

உடல் முன்கூட்டியே ஒரு தடயம் காட்டுவதும் உண்டு. மூக்கின் இடைச்சுவர் புண்ணாகிக் கடைசியில் துளை விழுகிறது. பல நேரம் வலியே இருக்காது, அதனால் பலருக்கு அது தெரிவதும் இல்லை. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் குரோமியத்தால் வரும் புண்ணை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாகப் பட்டியலிட்டிருந்தது. புற்றுநோயோ பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே வருகிறது. அதற்குள் அந்தத் தொழிலாளி வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். மருத்துவர் பீடி, சிகரெட்டைப் பற்றிக் கேட்கும்போது, எந்தப் பட்டறையில், ராடு வெல்டிங்கா பிளேட்டிங் தொட்டியா, எத்தனை ஆண்டுகள் என்பதையும் தொழிலாளியே சொல்லி நோய்க்குறிப்பில் எழுதச் செய்யவேண்டும்.