வெள்ளித்திரையும் சாம்பல் நிறக் கண்ணாடியும்

கல்லூரி மாணவி ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். லைஃப் இதழுக்காக ஜே.ஆர். ஐயர்மேன் எடுத்த படம் அது. 1952 நவம்பர் 26, ஹாலிவுட்டின் பாரமவுண்ட் திரையரங்கு. கோட்டும் டையுமாகக் கூட்டம் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி கண்ணாடி. அன்று ஓடியது ‘புவானா டெவில்’. சிங்கம் உங்கள் மடிக்கே வரும் என்று விளம்பரம் செய்யப்பட்ட முப்பரிமாணப் படம். “ஒரு கண்ணுக்குச் சிவப்பு, ஒரு கண்ணுக்கு நீலம் என்று மாட்டிக்கொண்டு ஒரு வண்ணப் படத்தை எப்படி ரசித்தார்கள்?” என்பது அவர் கேள்வி.

ரசித்திருக்க முடியாது. அவர்கள் மாட்டியிருந்ததும் அந்தக் கண்ணாடி இல்லை. ஐம்பதுகளின் ஹாலிவுட் முப்பரிமாணப் படங்கள் ஏறத்தாழ எல்லாமே சாம்பல் நிறக் கண்ணாடியில் பார்க்கப்பட்டவை. இருநிறக் கண்ணாடி 1953இல் வந்த காமிக்ஸ் புத்தகங்களோடு சேர்ந்தது. எழுபதுகளில் பழைய படங்கள் சிலவற்றைச் சிவப்பு-நீல முறைக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். அந்தக் காலத்தை ஆசையாக நினைவுகூரும் சுவரொட்டிகளும் டி-ஷர்ட்களும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டன. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தச் சாம்பல் துண்டு அவ்வளவு அழகான பொருள்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் கண்கள் சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு காட்சிகளைப் பார்க்கின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. சினிமாவிலும் இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் காட்டினால் போதும். ஆனால் இரண்டும் ஒரே திரையில் விழுகின்றனவே, எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் தளவிளைவு, அதாவது ஒளியின் அதிர்வை ஒரே திசைக்குள் அடக்குவது, வருகிறது. சாதாரண ஒளி தான் செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. அதில் ஒரு பக்க அதிர்வை மட்டும் விட்டு மற்றதை விழுங்கும் வடிகட்டி வேண்டும். அதன் கதை தொடங்குவது நாயின் சிறுநீரில். 1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் ஹெராபத்தின் மாணவர் ஒருவர், குயினைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினை விட்டார். பச்சையாக மின்னும் ஊசிப் படிகங்கள் உருவாயின. நுண்ணோக்கியில் பார்த்த ஹெராபத், இரண்டு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடம் சில கோணங்களில் வெளிச்சமாகவும் சில கோணங்களில் இருட்டாகவும் இருப்பதைக் கண்டார். வடிகட்டி கிடைத்துவிட்டது, ஆனால் தூசியளவில். பெரிய படிகம் வளர்க்க முயன்றவர்களுக்கு அது கைகூடவில்லை.

சுமார் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஹார்வர்டில் முதலாண்டோடு படிப்பை நிறுத்திய எட்வின் லேண்ட் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒரு பெரிய படிகம் எதற்கு? கோடிக்கணக்கான குட்டிப் படிகங்களை ஒரே திசையில் அடுக்கினால் என்ன? அப்படித்தான் முதல் தகடு வந்தது. 1938இல் அவர் படிகத்தையே கைவிட்டார். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்தார். சிக்குப்பிடித்த தலையைச் சீப்பால் வாரியதுபோல, தாறுமாறாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் படிந்தன. அப்புறம் அயோடினில் நனைத்தால், அது அந்தச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்கிறது. சங்கிலிக்கு இணையாக அதிரும் ஒளி எலக்ட்ரான்களைச் சங்கிலி நெடுக ஓடவைத்து, தன் ஆற்றலை அங்கேயே இழக்கிறது. குறுக்காக அதிரும் ஒளிக்கு எலக்ட்ரான்கள் ஓட இடமில்லை. அதனால் அது தப்பித்துவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக்கை இழுத்ததற்கு இவ்வளவு பலன்! இன்று உங்கள் மடிக்கணினியின் எல்சிடி திரைக்குள்ளும் பெரும்பாலும் இதே அயோடின் தாள்தான் இருக்கிறது. “இதனால் என்ன பயன்?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்போம் என்பவர்களிடம் நான் எப்போதும் அந்த நாயைப் பற்றித்தான் சொல்வேன்.

சரி, திரையரங்குக்கு வருவோம். இரண்டு புரொஜெக்டர்கள், இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு வடிகட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. கண்ணாடியிலும் அதே கோணங்கள். ஆனால் இந்த ஏற்பாடு வெள்ளைத் திரையில் பலிக்காது. வெள்ளைப் பூச்சுக்குள் நுழையும் ஒளி துகளுக்குத் துகள் மோதி, பல முறை சிதறி வெளியே வருவதற்குள் தன் அதிர்வுத் திசையை மறந்துவிடும். உலோகம் அப்படியில்லை, மேற்பரப்பிலேயே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் திசை பிழைக்கிறது. ஆகவே வெள்ளியோ அலுமினியமோ கலந்த பூச்சுள்ள திரை வேண்டும். மங்கலான விளக்குகளின் காலத்தில், வெளிச்சம் கூடுதலாகத் தெரிவதற்காகத் திரைகளுக்கு இப்படிப் பூசியிருந்தார்கள். நாம் இன்றும் சொல்லும் ‘வெள்ளித்திரை’ அதிலிருந்து வந்த சொல்தான். ஐம்பதுகளில் முப்பரிமாணத்துக்காக அந்த வெள்ளி திரும்பி வந்தது.

ஐம்பதுகளின் முப்பரிமாணப் படங்கள் தோற்றதற்குக் காரணம் கண்ணாடி இல்லை. வழக்கமாக ஒரு புரொஜெக்டரில் சுருள் முடிந்ததும் மற்றது தொடங்கும். முப்பரிமாணத்தில் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். அதனால் பெரிய சுருள்கள், நடுவில் கட்டாய இடைவேளை. இடது கண்ணுக்கான பிரதி அறுந்து ஒரே ஒரு சட்டகத்தை (ஃபிரேமை) வெட்டி ஒட்டினாலும், வலது பிரதியிலும் அதே சட்டகத்தை வெட்ட வேண்டும். மறந்தால் ஒரு கண் மற்றதைவிட ஒரு நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு முந்திப் பார்க்கும். பார்வையாளர்களுக்குத் தலைவலி வந்தது இப்படித்தான். 1953இல் கண்ணாடியே தேவைப்படாத சினிமாஸ்கோப் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போனது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கி, மடிக்கணினியில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவையுங்கள். அந்த வெளிச்சம் சமையலறை அலுமினியத் தாளின் பளபளப்பான பக்கத்தில் விழட்டும். அதைப் போலராய்டு (இதே வடிகட்டி உள்ள) குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தாள் இருண்டுபோகும். இப்போது அலுமினியத்தை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத்தை வைத்துத் திருப்புங்கள். எவ்வளவு திருப்பினாலும் காகிதத்தின் வெளிச்சம் அப்படியேதான் இருக்கும்.