குலைக் கணக்கும் மழைக் கணக்கும்: நிரலால் வரைபடம் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), பக்கத்தில் சிலாங்கூர் ஆறு. இங்கே உள்ள பல்கலைக்கழக வளாகத்திலோ படிவம் 6இலோ படிக்கும் பிள்ளைக்கு ஆய்வுத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. குலை எடை, மழையளவு, ஆற்று நீரின் கலங்கல் என்று எல்லாம் வாசலிலேயே கிடக்கிறது. ஆனால் பல மாதம் வெயிலில் நின்று எடுத்த அளவுகளை எக்செலில் இரண்டு சொடுக்கில் படமாக்கி ஒட்டிவிட்டால், உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

நிரல்மொழியான பைத்தானும், வரைபடம் போட உதவும் அதன் மேட்பிளாட்லிப் நூலகமும் இலவசம். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எழுதத் தொடங்கி, 2003இல் வெளியிட்ட கருவி அது. கணினியில் நிறுவ வசதி இல்லாவிட்டால் கூகுள் கோலாப்பில் உலாவியிலேயே எழுதலாம். நிரலின் பெரிய இலாபம் திருத்தத்தில்தான் தெரியும். மேற்பார்வையாளர் ஒரு எண்ணை மாற்றச் சொன்னால், நிரலை மறுபடி ஓட்டினால் போதும், 12 படங்களும் புதிதாக வந்துவிடும். மூலத் தரவுக் கோப்பை மட்டும் கையால் தொடாதீர்கள். திருத்தம் எதுவானாலும் நிரலுக்குள் இருக்கட்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறத்தை அல்ல, அகலத்தை. மேட்பிளாட்லிப் தானாகப் போடும் படம் 6.4 அங்குல அகலம், எழுத்து 10 புள்ளி. ஆய்விதழின் ஒரு பத்தி ஏறக்குறைய 89 மில்லிமீட்டர், அதாவது 3.5 அங்குலம். அந்தப் படத்தை அதற்குள் சுருக்கினால் எழுத்து 5.5 புள்ளிக்கு இறங்கும், தாத்தா கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. ஏ4 தாளில் இடப்பக்கம் 40, வலப்பக்கம் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் மிச்சம் 145 மில்லிமீட்டர், 5.7 அங்குலம். எந்தத் தாளில் போகிறதோ அந்த அகலத்தையே படத்தின் அளவைச் சொல்லும் ஃபிக்சைஸில் (figsize) கொடுத்து, எழுத்தை 8 புள்ளியாக வைத்துக்கொண்டால் பிறகு சுருக்கும் வேலையே இல்லை. ஒரு கண்ணி உண்டு: சேமிக்கும்போது பிபாக்ஸ் இன்ச்சஸ் என்பதற்கு டைட் கொடுத்தால், ஓரத்தை வெட்டி அகலத்தையே மாற்றிவிடும். லேயவுட்டுக்குக் கான்ஸ்ட்ரெயின்ட் (constrained) கொடுங்கள். அளவு மாறாது, அச்சுப் பெயர்களும் வெட்டுப்படாது.

அடுத்தது தேதி. நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுகிறோம். பைத்தானில் தரவு அட்டவணைகளைப் படிக்கும் பாண்டாஸ் நூலகமோ 03/04/2022 என்பதை மார்ச் 4 என்று படிக்கும். 2.0க்கு முந்தைய பதிப்புகளில் இது இன்னும் மோசம். 13/04ஐச் சரியாகவும் 03/04ஐத் தப்பாகவும் படித்து, இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடும். கோடு பல் பல்லாக ஏறி இறங்கினால் மழையைச் சந்தேகிப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். டேஃபர்ஸ்ட்டுக்கு ட்ரூ கொடுத்தால் தீர்ந்தது. மழைமானி பழுதான நாளைச் சுழியம் என்று போடுவதும் பொய்தான். வெற்றாக விட்டால் கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும், அதுவே உண்மை.

செம்பனைத் தரவில் இன்னொரு வில்லங்கம், கணினிக்குத் தெரியாதது. குலை வெட்டு சுற்று முறையில் நடக்கும். 14 நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். 1, 15, 29ஆம் தேதிகளில் வெட்டினால் அந்த மாதம் மூன்று சுற்று, அடுத்த மாதம் இரண்டுதான். மாதக் கூட்டுத்தொகையை அப்படியே பட்டைக் குறிவரைவாக்கினால் விளைச்சல் திடீரென ஏறி விழுந்ததுபோல் தெரியும். மரம் ஒன்றும் செய்யவில்லை, நாள்காட்டி செய்த வேலை. ஒரு சுற்றுக்கு ஒரு ஹெக்டரில் எத்தனை கிலோ என்று மாற்றி வரைந்தால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும்.

மழையையும் விளைச்சலையும் ஒரே சட்டத்தில், இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு என்று போடும் ஆசை எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள். இரண்டு அச்சுகளின் எல்லையை நகர்த்தி எந்தக் கோட்டையும் எந்தக் கோட்டோடும் ஒட்ட வைக்கலாம். அதோடு, வறட்சியின் பாதிப்பு அதே மாதம் குலையில் தெரியாது. பூ மலர்ந்து பழம் பழுக்கவே ஐந்தாறு மாதம். பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது அதற்கும் வெகு முன்பே தீர்மானமாகிவிடும். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள் போட்டு, ஷேர் எக்ஸ் மூலம் கால அச்சைப் பொதுவாக்குங்கள். பின்தங்கி வரும் சரிவு கண்ணுக்குத் தானாகப் படும்.

பிழைக்கோடுகள் எதைக் காட்டுகின்றன என்று படக்குறிப்பில் எழுதாதவர்கள் ஏராளம். நியமவிலக்கமா (அளவீடுகளின் சிதறல்), நியமப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை)? நான்கு அளவீடுகள் இருந்தால் இரண்டாவது முதலாவதில் சரிபாதி. நியமவிலக்கத்திலேயே சிக்கல்: பாண்டாஸ் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து வகுக்கும், எண்கணக்கு நூலகமான நம்பை (NumPy) கழிக்காது. நான்கு அளவீடுகளுக்கு நம்பையின் விடை 13 விழுக்காடு சிறியது. நம்பையில் டிடாஃபுக்கு (ddof) 1 கொடுத்தால் சரியாகும். நான்கே எண்கள் என்றால் பட்டை எதற்கு, நான்கு புள்ளிகளையும் அப்படியே வையுங்கள். பட்டைதான் வேண்டுமென்றால் அச்சு சுழியத்தில் தொடங்கட்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வானவில்போல் இருக்கும் ஜெட் என்ற நிறவரிசை வேண்டாம், இல்லாத எல்லைகளைக் காட்டும். 2017இல் வந்த மேட்பிளாட்லிப் 2.0 பதிப்பிலிருந்து விரிடிஸ் நிறவரிசைதான் இயல்பு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் பல உண்டு. நீலமும் ஆரஞ்சும் எல்லோருக்கும் பொது.

தமிழில் அச்சுப் பெயர் எழுத விரும்புவோருக்குத்தான் பெரிய தலைவலி. இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை, வெற்றுக் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைக் கொடுத்தால் கட்டம் போகும். ஆனால் மேட்பிளாட்லிப்பின் பரவலாகப் புழங்கும் பதிப்புகள் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குவதால், ‘செம்பனை’யில் சகரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். வழி இருக்கிறது. எஸ்விஜி ஃபான்ட்டைப் என்ற அமைப்புக்கு நன் (none) கொடுத்து எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். எழுத்துரு நிறுவிய கணினியில் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். ஆர் மொழி பழகியவர்கள் ரேக் (ragg) என்ற தொகுப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

அச்சுக்குப் பிடிஎஃப், வேர்டில் ஒட்ட 300 டிபிஐ பிஎன்ஜி. ஜேபெக் வேண்டாம், எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படியும். ஆசிரியருக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிக் கெடுத்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அதற்கு முன் பட்டணத்து நகல் கடையில் 100 விழுக்காடு அளவில், கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கோடுகள் ஒன்றுபோல் சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி, பெயரைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிடுங்கள்.