"கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றால் மூளை கேட்குமா?

இரவு இரண்டு மணி. டிமென்ஷியா எனும் மறதி நோய் வந்த மாமியார் ஒருவழியாகத் தூங்கிவிட்டார். பக்கத்தில் படுத்திருக்கும் மருமகளின் காது மட்டும் வாசல் தாழ்ப்பாளிலேயே இருக்கிறது. சாயங்காலம் அவரிடம் எரிந்து விழுந்ததை நினைத்து மனம் அரைத்த மாவையே அரைக்கிறது.

இந்த அரைப்பை எந்திரத்தில் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை வைத்து, மூளையில் எந்தப் பகுதி மும்முரமாக இருக்கிறது என்று எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டும். 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பரத் பிஸ்வாலும் சக ஆய்வாளர்களும் ஆட்களை அசையாமல் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். கைகளை இயக்கும் பகுதிகள் மூளையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கை சும்மா கிடந்தபோதும் இரண்டிலும் சமிக்ஞை சேர்ந்தே ஏறி இறங்கியது. இப்படி ஒத்து ஏறி இறங்குவதைத்தான் 'இணைப்பு' என்கிறார்கள். புதிதாக ஒரு நரம்பு முளைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம்தான், நாம் சும்மா இருக்கும்போது மும்முரமாகும் ஒரு வலைப்பின்னலும் மூளையில் இருப்பது தெரியவந்தது. நம்மைப் பற்றி நாமே யோசிப்பது, பழையதைக் கிளறுவது, நாளைக்கு என்ன ஆகுமோ என்பது எல்லாம் அதன் பேட்டை. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மனச்சோர்வு உள்ளவர்களைப் பரிசோதித்தார்கள். மூளையின் முன்பக்கம், ஆழத்தில், சோகத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதி இந்த வலையோடு வழக்கத்தைவிட இறுக்கமாக இணைந்திருந்தது. சோர்வு நீடித்த காலம் கூடக்கூட இறுக்கமும் கூடியிருந்தது. சரி, எது முதலில் வந்தது, சோர்வா இறுக்கமா? ஸ்கேன் அதைச் சொல்லாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஹெலன் லாவ்ரெட்ஸ்கி குழு, டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் 39 குடும்பத்தாரை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு தினமும் 12 நிமிடம் 'சா, தா, நா, மா' என்று உச்சரித்தபடி விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொட்டது. இன்னொரு குழு அதே 12 நிமிடம் இசை கேட்டபடி ஓய்வெடுத்தது. 8 வாரம் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வு மதிப்பெண் பாதியாவது குறைந்தவர்கள் முதல் குழுவில் 65 சதவீதம், இரண்டாவதில் 31. மூளைக்கு எரிபொருள் சர்க்கரைதான்; அதை இரு குழுவினரின் மூளையும் செலவிட்ட விதத்திலும் வித்தியாசம் இருந்தது.

39 பேர் என்பது சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஓய்வெடுத்த குழு பின்தங்கியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கண்ணை மூடிச் சும்மா சாய்ந்தால் அந்தப் பேட்டையின் கதவு தானே திறந்துகொள்ளும். நாக்குக்கும் விரலுக்கும் ஒரு வேலை கொடுத்தால் மாவு அரைக்க ஆள் மிச்சமில்லை.